விலை வீழ்ந்த பங்கை வாங்கலாமா?

நம் விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடி மலிவாய்க் கிடைப்பினும், தட்டி ஓசை கேட்ட பின்னரே வாங்குகிறோம். கம்பெனிப் பங்கிற்கும் இதுவே விதி.

ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கு, 2009 ஜனவரி 7-ஆம் நாள் சுமார் 179 ரூபாயிலிருந்து 40 ரூபாயளவுக்கு வீழ்ந்தது. ஐந்தொகையில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் பொய்யென்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். பழைய விலையே பொய்க் கணக்கின்மேல் நின்றது. அதனோடு ஒப்பிட்டு 40 ரூபாயை மலிவென்பது பிழை. ஏப்ரலில் டெக் மகிந்திரா பங்கிற்கு 58 ரூபாய் கொடுக்க முன்வந்தது. ஆயினும் ஜனவரியில் வாங்கியவர் அதனை நம்பியிருக்க இயலாது.

எனவே அங்கத்தினர்கள் முதலில் ஆராய வேண்டுவன: வீழ்ச்சிக்குக் காரணம் தொழில் மந்தமா, கணக்கின் பழுதா? கம்பெனிக்குக் கடன் எவ்வளவு? தணிக்கைச் சான்று மட்டும் போதாது; சத்யத்திற்கும் அது இருந்தது. ஆதலின் நூலுக்கும் விதைக்கும் வைத்த பணத்தைத் தொடலாகாது. கடன் பெற்றும் பங்கு வாங்கலாகாது. இழந்தாலும் தறி நில்லாத தொகையே பங்கிற்கு உரியது.