வௌவாலுக்கும் டெஸ்ட் உண்டு!



நம்ம பள்ளிக்குப் பின்னாடி இலுப்பை மரத்தில் தொங்கும் வௌவால்களைத் தினமும் பார்க்கிறோம். "நிபா வரும், மரத்தை வெட்டணும்" என்று போன மாதம் சிலர் பேசிக்கொண்டார்கள. இரண்டு அண்ணன்கள் வெடிகூடப் போட்டார்கள். வௌவாலுக்குள்ளே வைரஸ் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அறிவியல் சாரிடம் கேட்டும், தேடிப் படித்தும் எழுதுகிறேன்.

1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே வைரஸுக்கும் வந்தது. பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால்களின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அப்படியென்றால் கிருமி எப்போதோ வந்து போயிருக்கு என்றுதான் அர்த்தம். கிருமியே கையில் கிடைக்கவில்லை. அதனால் டாக்டர் சுவா காவ் பிங் குழுவினர் தியோமான் தீவில் வௌவால் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார்கள். எதுக்குத் தெரியுமா? வௌவால் சிறுநீர் பிடிக்க! (சிரிக்காதீங்க.) அதிலும், வௌவால் கடித்துப் போட்ட ஒரு பழத்திலும் நிபா கிடைத்தது.

2018 மே மாதம் கேரளாவில், கோழிக்கோடு பக்கம் நிபா வந்தது. நோய் வந்த வீட்டுக் கிணற்றிலிருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். வைரஸ் இல்லை! ஏன்னா அவை பூச்சி தின்கிற வகை. பிறகு பழந்தின்னிகளில் 52 சோதித்ததில் 10க்கு இருந்தது. நோயாளிகளிடம் இருந்த கிருமியும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. எந்த வௌவால் என்று தெரியாமல் வெடி போடுகிறவர்கள் இதைப் படிக்கணும்.

பிடிப்பதற்கு மெல்லிய வலை கட்டுவார்கள். முகக்கவசம், கையுறை கட்டாயம். கொரோனாவுக்கு நமக்குக் குச்சி விட்டாங்களே, அதே மாதிரி வௌவாலின் தொண்டையிலும் ஆசனவாயிலும் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே செய்வதும் அதே பி.சி.ஆர். சோதனைதான்.

நம்ம மரத்து வௌவால்களை யாரும் சோதிக்கவில்லை. விரட்டினால் வேறு யார் தோப்புக்கோ போகும், அவ்வளவுதான். மரத்தை இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்று தலைமையாசிரியர் ஐயா சொல்லியிருக்கிறார். கீழே விழுந்த வௌவாலைத் தொடாதீங்க, சாரிடம் சொல்லுங்க. பல் பட்ட கொய்யாவைத் தின்னாதீங்க. ஏழாம் வகுப்புப் பசங்க அதைக் கழுவிட்டுத் தின்றதை நேத்துகூடப் பார்த்தேன்!