சர்வீஸை எந்த அளவில் பிரிப்பது?

செக்மென்ட் நிறுவனம் தனித்தனியாக இயங்கிய 140-க்கும் மேற்பட்ட சர்வீஸ்களை மறுபடி ஒரே மென்பொருளாகச் சேர்த்துவிட்டதாக 2018-இல் அறிவித்தது. வாடிக்கையாளர் தரவை வெவ்வேறு தளங்களுக்கு அனுப்புவது அதன் தொழில். ஒரு தளம் முடங்கினால் மற்றவற்றுக்குப் போகும் தரவு தேங்கக் கூடாதென்று தளத்துக்கொரு சர்வீஸ் வைத்திருந்தார்கள். ஆனால் அவை பொதுவான லைப்ரரிகளைச் சார்ந்திருந்தன. அங்கே கைவைத்தால் அத்தனை சர்வீஸ்களையும் சோதித்து வெளியிட வேண்டியிருந்தது.

சேர்ந்து மாறுபவை சேர்ந்தே இருக்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்ற எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் இணையக் கடையை வைத்துப் பார்க்கலாம்.

1. நிகழ்வுகளை வரிசைப்படுத்துதல்: ‘ஆர்டர் வந்தது’, ‘பணம் கிடைத்தது’, ‘பார்சல் கிளம்பியது’ என்று தொழில் தெரிந்தவர்களும் டெவலப்பர்களும் சேர்ந்து சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆல்பர்ட்டோ பிராண்டோலினி உருவாக்கிய முறை இது.

2. அர்த்தம் மாறும் இடத்தைக் குறித்தல்: விற்பனைப் பிரிவுக்குப் ‘பொருள்’ என்றால் படமும் விலையும், கிடங்குக்கு எடையும் அடுக்கு எண்ணும். அங்கே ஓர் எல்லை இருக்கிறது. எரிக் எவன்ஸ் 2003-இல் எழுதிய நூலின் மையக் கருத்துகளில் ஒன்று இது.

3. தரவுக்கு ஒரே உரிமையாளர்: இரண்டு சர்வீஸ்கள் ஒரே டேபிளில் எழுதினால், பிரிவினை பெயரளவில்தான். ஒரே நொடியில் இரண்டு பதிவுகளும் சரியாக இருந்தே ஆக வேண்டுமென்றால் அவற்றைப் பிரிக்கக் கூடாது.

4. பேச்சைக் கணக்கிடுதல்: ஒரு வேலையை முடிக்க இரண்டு சர்வீஸ்கள் ஓயாமல் தரவைக் கைமாற்றினால் செலவு ஏறும். அமேசான் பிரைம் வீடியோவில் ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்று அப்படித்தான் பல துண்டுகளாக இருந்தது. வீடியோவிலிருந்து எடுத்த படங்களைத் துண்டுகளுக்கிடையே சேமிப்பகம் வழியாகப் பரிமாறியது. எல்லாவற்றையும் ஒரே பிராசஸுக்குள் கொண்டுவந்ததும் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததென 2023-இல் அக்குழு எழுதியது.

5. மாற்ற வரலாற்றைப் புரட்டுதல்: கடந்த சில மாதங்களின் கிட் பதிவுகளில் எந்தக் கோப்புகள் எப்போதும் ஜோடியாகத் திருத்தப்படுகின்றன? அந்த ஜோடிக்கு நடுவே கோடு போடக் கூடாது.

கடைசியாக, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பொறுப்பேற்க ஒரு குழு வேண்டும். நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பே அதன் மென்பொருளிலும் படியும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். ஐந்து பேர் கொண்ட குழு முப்பது சர்வீஸ்களைச் சுமந்தால், புது வசதி செய்ய நேரம் மிஞ்சாது.

எல்லை தெளிவாகாதபோது அதே மென்பொருளுக்குள் தனி மாட்யூலாக வைத்திருக்கலாம். தனியாக வெளியிடவோ, தனியாகப் பெருக்கவோ தேவை வரும்போது அதை வெளியே எடுப்பது எளிது. பிரித்துப் பல சர்வர்களில் ஓடவிட்டதை மறுபடி ஒட்டுவதற்குத்தான் மாதக்கணக்கில் உழைப்பு பிடிக்கும்.