வண்டியின் அச்சுக்கு ஏற்ற எண்ணெய்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் தோட்டத்து வண்டிகளுக்குச் சோதனைக் காலமும் தொடங்கிவிடும். பகாங், திரங்கானு, கிளந்தான் மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது செம்மண் சாலைகள் சேறாகின்றன. ஓடைகள் சாலையின் மீது ஏறிப் பாய்கின்றன. ரப்பர்ப் பால் ஏற்றிவரும் லேண்ட் ரோவரும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் ஹைலக்சும் அந்த நீரில் இறங்கித்தான் கரையேற வேண்டும். அவ்வேளையில் ஓட்டுநர் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுகிறார்; டயரைப் பற்றிக் கவலைப்படுகிறார். அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் பருத்துத் தொங்கும் இரும்புக் கூட்டை நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அக்கூட்டினுள் இருக்கும் எண்ணெய் பெரும்பாலும் இரண்டு லிட்டர் அளவே ஆகும். ஆயினும் வண்டி ஏற்றம் ஏறுவதும், இறக்கத்தில் நிற்பதும் ஒருவகையில் அந்த எண்ணெயைப் பொறுத்தே அமைகின்றன.

அந்தக் கூட்டிற்குள் இருப்பதே டிஃபரன்ஷியல். வளைவில் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவும், உட்பக்கச் சக்கரம் குறைந்த தொலைவும் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலுமானால் ஒன்று வழுக்க நேரிடும். சக்கரங்கள் வேறுபட்ட வேகத்தில் சுழல இப்பொறி வழிசெய்கிறது. எஞ்சினிலிருந்து நீண்ட தண்டின் வழியே வரும் சுழற்சியை ஒரு சிறிய பற்சக்கரம் பெற்று, அதனோடு கோத்து நிற்கும் பெரிய வட்டப் பற்சக்கரத்திற்குக் கொடுக்கிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் முன் அச்சிலும் பின் அச்சிலும் இத்தகைய கூடு ஒவ்வொன்று உண்டு. ஆகவே எண்ணெய் பார்க்கும்போது பின்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடலாகாது.

எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயை இங்கும் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. இதற்கு விடை அந்தச் சிறிய பற்சக்கரம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது பெரிய சக்கரத்தின் மையத்திற்கு நேராக நின்றது. 1920-களில் அமெரிக்காவின் பேக்கார்டு மோட்டார் வண்டிகளில் அதனை மையத்திற்குக் கீழே இறக்கி அமைத்தார்கள். இந்த அமைப்பிற்கு ஹைபாய்டு என்று பெயர். தண்டு தாழ்ந்ததால் வண்டியின் உடலும் தாழ்ந்தது, சத்தம் குறைந்தது, பற்களின் வலிமையும் கூடிற்று. ஆனால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. நேராகப் பொருந்திய பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளுகின்றன. ஹைபாய்டுப் பற்களோ உருளுவதோடு நீளவாக்கில் உரசிச் சறுக்கவும் செய்கின்றன. பாரம் ஏற்றிய வண்டி சேற்றிலிருந்து திமிறி எழும்போது அந்தச் சறுக்கலின் அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் துடைக்கப்பட்டு விடுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசுகின்றன.

இதற்காகவே கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் கொண்ட பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. உரசும் இடத்தில் சூடு ஏறியவுடன் இவை உலோகத்தோடு வினைபுரிந்து மிக மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்குகின்றன. பற்களுக்குப் பதிலாக அந்தத் தோல் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் மீண்டும் உண்டாகிறது. கியர் எண்ணெய் டின்னைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி இந்தக் கந்தகத்தினுடையதே. பட்டறைக்காரர்கள் சிலர் முகர்ந்து பார்த்தே எண்ணெயை அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

டின்னின் மீது இரண்டு குறிகள் இருக்கும். இரண்டும் வெவ்வேறு செய்தி கூறுபவை; இவற்றைக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

முதலாவது, ஜி.எல். என்னும் தரக்குறி. ஜி.எல்.-5 என்பது கடும் அழுத்தமும் அதிர்ச்சியும் தாங்க வேண்டிய ஹைபாய்டு அச்சுகளுக்கு உரியது. ஜி.எல்.-4 இல் மேற்கூறிய சேர்மானம் ஏறத்தாழ அதில் பாதியே. எண் பெரிதாக இருப்பதால் எல்லா இடத்திற்கும் ஜி.எல்.-5 சிறந்தது என்று எண்ணிக் கியர்ப் பெட்டியிலும் அதையே ஊற்றுவோர் பலர். கியர்ப் பெட்டிகள் பலவற்றினுள் பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்த வளையங்கள் உள்ளன. வீரியமிக்க கந்தகச் சேர்மானம் இவற்றை அரித்துவிடக்கூடும். கியர் மாற்றுவதும் கடினமாகும். ரப்பர்ப் பாலோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. அம்மோனியா கலந்த பாலைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைப்பதில்லை. அம்மோனியா உலோகத்தை அரிக்கும், கரைந்த செம்பு ரப்பரைக் கெடுக்கும். அதுபோலவே கந்தகத்திற்கும் பித்தளைக்கும் ஒத்துவராது. கியர்ப் பெட்டிக்குக் கையேடு ஜி.எல்.-4 என்று கூறினால் அதையே ஊற்றுக.

லேண்ட் ரோவரைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. 1948 இல் பிறந்த இவ்வண்டியின் பழைய வரிசைகள் இன்றும் சில தோட்டங்களில் உயிரோடு இருக்கின்றன. இவற்றின் குட்டை வண்டிகளில் இரு அச்சுகளும் நேர்ப் பொருத்தமுள்ள பழைய முறையைச் சார்ந்தவை. ஆனால் 109 அங்குல நீள வண்டிகள் பலவற்றில் பின் அச்சு மட்டும் சாலிஸ்பரி என்னும் கனத்த ஹைபாய்டு வகை. ஒரே வண்டியில் முன்னே ஒரு முறை, பின்னே வேறொரு முறை! அளவும் மாறுபடும்: சிறிய கூட்டிற்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் போதும். சாலிஸ்பரிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

இரண்டாவது குறி, எண்ணெயின் பாகுத்தன்மையைக் காட்டும் எஸ்.ஏ.இ. எண். 90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று எழுதியிருக்கும். டபிள்யூ என்ற எழுத்துடன் வரும் எண், குளிரில் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதற்கானது. பின்னுள்ள எண், சூடேறிய நிலையில் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. டொயோட்டா வண்டிகளின் பழைய கையேடுகள், வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 18 பாகைக்கு இறங்கும் நாடுகளுக்கு மெல்லிய எண்ணெயும், மற்ற இடங்களுக்கு எஸ்.ஏ.இ. 90 உம் விதிக்கின்றன. கேமரன் மலையின் உச்சியிலும் அப்படிப்பட்ட குளிரை நாம் காணப்போவதில்லை. ஆகவே ஜி.எல்.-5 தரமுள்ள 90 அல்லது 80டபிள்யூ-90 அத்தகைய அச்சுகளுக்கு நம் நாட்டில் போதுமானது. புதிய வண்டிகள் சிலவற்றிற்கு இதைவிட மெல்லிய எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. அங்கே கையேட்டின் சொல்லே முடிவு.

"கெட்டியான எண்ணெய்தான் தாங்கும்" என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக வேரூன்றியிருக்கிறது. எஞ்சின் எண்ணெய் 40, கியர் எண்ணெய் 90 என்பதால் பின்னது இரு மடங்கு கெட்டி என்றும் சிலர் கருதுகின்றனர். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் எண்ணெய் 90 இன் பாகுத்தன்மை எஞ்சின் எண்ணெய் 40, 50 ஆகியவற்றை ஒட்டியதே. அளவுக்கு மீறிக் கெட்டியான எண்ணெய், சிறிய பற்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்குகளுக்கு விரைந்து சென்று சேராது. கடைந்து கடைந்து தானே சூடேறும். பெட்ரோலையும் டீசலையும் விழுங்கும். எப்போதும் கனத்த பாரத்தோடு மெதுவாக ஏற்றம் ஏறும் வண்டிக்கு, கையேடு இடந்தந்தால் மட்டும் 85டபிள்யூ-140 ஊற்றலாம். பல் தேய்ந்து இரையும் அச்சின் சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டி எண்ணெய் ஊற்றுவது, காய்ச்சல்காரனைப் போர்வையால் மூடி வைப்பதற்கு ஒப்பாகும்.

வழுக்கும் சக்கரத்தைக் கட்டுப்படுத்தும் எல்.எஸ்.டி. வகை டிஃபரன்ஷியல் சில வண்டிகளில் உண்டு. அதற்கென்று தனி எண்ணெய் விற்கப்படுகிறது. சாதாரண எண்ணெயை ஊற்றினால் வளைவுகளில் அச்சு உதறும்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்துணை உயர்ந்த எண்ணெயாயினும் நீர் கலந்துவிட்டால் பயனற்றதாகிவிடும். நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய அச்சு, குளிர்ந்த ஓடையில் திடீரென இறங்கும்போது கூட்டினுள் உள்ள காற்று சுருங்குகிறது. வெளியிலிருந்து காற்றை உறிஞ்ச முயல்கிறது. அதற்கென்றே கூட்டின் மேற்புறத்தில் சிறிய மூச்சுத் துளை ஒன்று இருக்கிறது. அது நீருக்கடியில் இருந்தாலோ சேற்றால் அடைபட்டிருந்தாலோ, காற்றுக்குப் பதிலாக நீர் உள்ளே புகும். நீர் கலந்த எண்ணெய் வெண்மையாக, நம் கோப்பைப் பாலைப் போலத் தோற்றமளிக்கும். அதனைக் கண்டால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

அடைபட்ட மூச்சுத் துளை வேறொரு கேட்டையும் செய்கிறது. அதுவே எனக்கு மிகுந்த அச்சம் தருவது. அச்சு சூடேறும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சக்கரப்பக்கம் தள்ளுகிறது. ஓரத்தில் உள்ள ஆயில் சீல் விட்டுக்கொடுத்தால், எண்ணெய் பிரேக் டிரம்மினுள் இறங்கி பிரேக் ஷூவை நனைத்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன், ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கிய ஒரு தோட்டத்து வண்டி பிரேக் பிடிக்காமல் வடிகாலில் இறங்கி நின்றதைக் கண்டேன். உயிர்ச்சேதம் இல்லை, ஒருவருக்குக் கை முறிந்தது. பின் சக்கரத்தைக் கழற்றியபோது டிரம் முழுவதும் கியர் எண்ணெய். மூச்சுத் துளையில் காய்ந்த செம்மண். அதைத் துடைக்க ஒரு கம்பியும் ஐந்து நிமிடமும் போதுமாயிருந்திருக்கும்.

எண்ணெய் அளவைச் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஆறிய பின் பார்க்க வேண்டும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் நின்றால் அது சரியான அளவு. அதற்குமேல் திணித்தால் நுரைத்துப் பொங்கும். மாற்றும்போதோ எண்ணெய் சற்றுச் சூடாக இருப்பது நல்லது. அழுக்கோடு முழுவதும் வடியும். ஊற்றும் துளையின் திருகை முதலில் கழற்றிப் பார்த்த பிறகே வடிக்கும் திருகைத் தொடுக. எண்ணெயை வடித்துவிட்டு, மேல் திருகு துருப்பிடித்துக் கழலாமல் தவித்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். வடிதிருகில் காந்தம் இருந்தால், அதில் மைபோல் ஒட்டியிருக்கும் நுண்துகள் இயல்பானதே. நகக்கண் அளவு இரும்புத் துண்டு கிடைத்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

சில கையேடுகளில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்றிருக்கும். அது உலர்ந்த நல்ல சாலைக்கு உரிய கணக்கு. மழைக்காலத்தில் அச்சு முழுகும் ஆழத்திற்கு நீரில் இறங்கிய வண்டிக்கு, மறுநாள் காலையில் திருகைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதே கணக்கு. வடித்த பழைய எண்ணெயை ஓடையிலோ மரத்தடியிலோ கொட்டலாகாது. 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவாகும்; டின்னில் அடைத்து, உரிமம் பெற்றவர் எடுத்துச் செல்லும்வரை ஸ்டோரில் வைக்க வேண்டும். புதிய எண்ணெய் ஊற்றிய நாளையும் அதன் குறியையும் கூட்டின்மீது வெள்ளைச் சாயத்தால் எழுதிவிட்டால், அடுத்து வரும் ஓட்டுநர் வேறு எண்ணெயைக் கலந்துவிட மாட்டார்.