அடிபம்பு கற்பிக்கும் பாடம்

புதிதாக ஒரு பொருளைச் செய்ய விரும்புகிறவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? தாளை எடுத்துப் படம் வரையத் தொடங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதே தேவைக்காக மக்கள் இப்போது எவற்றைப் பயன்படுத்துகிறார்கள், அவை எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்த வேலை. இதைப் போட்டிப் பொருள்களின் ஒப்பாய்வு என்பார்கள். நாம் தினமும் பார்த்துப் பழகிய அடிபம்பைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம்.

பாறைக்கு அடியில் நீர்

சேலத்திற்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம் உள்ளது. அதைச் சுற்றிய சமவெளியில் மேல்மண்ணைத் தோண்டினால் விரைவில் கடினமான பாறை தட்டுப்படும். நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தங்கியிருக்கிறது. கோடையில் திறந்த கிணறு வற்றிவிட்டால், பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போட வேண்டும். இந்தியாவில் பெரும்பகுதி நிலம் இத்தகையதே. 1967இல் பீகாரில் கடும் வறட்சி நிலவியபோது, காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் எந்திரங்களை யுனிசெப் நிறுவனம் வரவழைத்தது. அதன்பின் நாடெங்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு அடிபம்பு பொருத்தப்பட்டது.

ஆனால் 1970களின் நடுவில் ஆய்வு செய்து பார்த்தபோது, நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யாமல் கிடந்தன! துளை இருந்தது, துளையில் நீரும் இருந்தது, குடத்திற்குத்தான் நீர் வரவில்லை.

பழுதின் வேர்

அப்பம்புகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணைகளில் இருந்த வார்ப்பிரும்புப் பம்புகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அங்கே ஒரு குடும்பம் நாளில் சில தடவைதான் பம்பை அடிக்கும். நம் ஊர்களிலோ விடியற்காலை முதல் இரவு வரை, நூற்றுக்கணக்கானவர்களுக்காக அது ஓயாமல் இயங்க வேண்டும். கைப்பிடியின் பல மூட்டுகளும் தேய்ந்து ஆடின, வார்ப்பிரும்பு உடைந்தது. ஒரு பட்டறையில் செய்த பாகம் இன்னொரு பட்டறையின் பம்பில் பொருந்தவில்லை.

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தில் சில பம்புகள் நின்று உழைத்தன. ஜால்னாவில் கிறித்தவப் பணியமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள், பல மூட்டுகளுக்குப் பதில் ஒரே அச்சில் இயங்கும் எஃகுப் பம்பை உருவாக்கியிருந்தனர். சோலாப்பூரில் அது மேலும் திருத்தம் பெற்றது. சென்னையிலிருந்த எந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனமும், ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையும், யுனிசெப்பும் சேர்ந்து சோலாப்பூர்ப் பம்பையே அடிப்படையாகக் கொண்டன. கோவைப் பகுதியின் ஆழமான கிணறுகளில் பொருத்திச் சோதித்தன. அதிலிருந்து பிறந்ததே ‘இந்தியா மார்க் 2’. அதன் வடிவமைப்புக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அதனால் பல நாடுகளிலும் அதைச் செய்ய முடிந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள்

மார்க் 2 பம்பின் உருளை விட்டம் 63.5 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒரு தடவையில் நகரும் தூரம் 125 மில்லிமீட்டர். ஆகவே ஓர் அடிக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் நீர் வரும். 15 லிட்டர்க் குடம் நிரம்ப சுமார் 38 தடவை அடிக்க வேண்டும்.

நீர்மட்டம் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால், பிஸ்டன்மேல் நிற்கும் நீரின் எடை சுமார் 95 கிலோகிராம். பத்து வயதுச் சிறுமி இதைத் தூக்க முடியுமா? கைப்பிடி 8க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்த நெம்புகோல் என்பதால், அவள் கைக்கு வரும் பாரம் சுமார் 12 கிலோகிராம்தான். கைப்பிடி கெட்டியான இரும்புக் கம்பியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே தொங்கும் தண்டின் எடையை அதன் எடை ஓரளவு ஈடுசெய்கிறது. கைப்பிடி வட்டப்பாதையில் நகர்ந்தாலும், அதனுடன் இணைந்த சங்கிலி தண்டை நேராகவே மேலே இழுக்கிறது.

உண்மையான போட்டியாளர் யார்?

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்க் 2 பம்புக்குப் போட்டி மற்றொரு பம்பு மட்டுமன்று. பம்பு பழுதானால் அன்று மாலையே பெண்கள் குடத்துடன் எங்கே போவார்கள்? பழைய திறந்த கிணற்றுக்கோ குட்டைக்கோதான். அந்த நீரில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். ஆகவே பம்பின் வலிமையை மட்டும் அளந்தால் போதாது. பழுதான பம்பு எத்தனை நாள் பழுதாகவே கிடக்கிறது என்பதையும் அளக்க வேண்டும்.

மார்க் 2 அவ்வளவு எளிதில் பழுதாகாது. ஆனால் ஆழத்திலுள்ள வாஷரை மாற்ற, குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலியும், வண்டியும், பயிற்சி பெற்ற குழுவும் வேண்டும். குழு வரும்வரை குட்டைதான் கதி! 1980களில் கோவைப் பகுதியில் நடந்த சோதனைகளில் இதற்குத் தீர்வு தேடினார்கள். ‘மார்க் 3’ பம்பில் குழாய் அகலமாக்கப்பட்டது. குழாயை அசைக்காமலே பிஸ்டனை வெளியே எடுக்க முடிந்தது. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. அகலக் குழாயால் விலை கூடியது உண்மையே. ஆயினும் உள்ளூர் மெக்கானிக்கே சில கருவிகளுடன் பழுது நீக்க வழி பிறந்தது.

நீங்களும் செய்யலாம்

இன்று பல ஊர்களில் மின்மோட்டாரும் வீட்டுக் குழாயும் வந்துவிட்டன. உங்கள் தெருவில் நீர் பெறும் வழிகள் எத்தனை என்று பட்டியலிடுங்கள். அடிபம்பு, குழாய், கிணறு, விலைக்கு வாங்கும் கேன் ஆகிய ஒவ்வொன்றின் அருகிலும் அரை மணி நேரம் நின்று கவனியுங்கள். நீர் எடுப்பவர் யார்? ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது? செலவு என்ன? இவற்றை அட்டவணையாக்குங்கள்.

பிறகு அங்குள்ள அக்காவிடமோ பாட்டியிடமோ பேசுங்கள். “இது நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், “நல்லாத்தான் இருக்கு” என்ற பதிலே வரும். “கடைசியா இது எப்போ நின்னு போச்சு? அன்னிக்குத் தண்ணிக்கு என்ன பண்ணுனீங்க?” என்று கேளுங்கள். நீங்கள் செய்யப்போகும் புதிய பொருள் எதனுடன் போட்டியிட வேண்டும் என்பது அந்த விடையில் தெரியவரும்.