கூட்டம் வேறு, வாடிக்கையாளர் வேறு

2010 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி இரவை நான் இன்னும் மறக்கவில்லை. தென்னாபிரிக்காவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று கால் இறுதியில் பிரேசில் நெதர்லாந்திடம் தோற்றது. மறுநாள் ஆர்ஜென்டினா ஜெர்மனியிடம் நான்கு கோல்கள் வாங்கித் தோற்றது. முன்னேஸ்வரத்தில் எங்கள் தெருவில் தொலைக்காட்சி முன்னால் கூடியிருந்தவர்கள் கவலையோடு எழுந்து தூங்கப் போனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிலாபம் பஸாரில் உள்ள என் கடையில் பிரேசில், ஆர்ஜென்டினா ஜெர்சிகள் நானூறுக்கும் மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. புறக்கோட்டையில் கடனுக்கு எடுத்த சரக்கு. காசோலைத் திகதி ஆகஸ்ட் முதல் வாரம். அந்த வருடம் நோன்பும் ஆகஸ்டில்தான் தொடங்கியது. பெருநாள் சரக்கு எடுக்க வேண்டிய பணம் முழுவதும் அந்த ஜெர்சிகளுக்குள் முடங்கிவிட்டது. கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் பாதி விலைக்குத் தள்ளினேன். மீதிக்கு வீட்டு நகையை விற்றுத்தான் காசோலையைக் காப்பாற்றினேன்.

அதே பஸாரின் பின்புறம் ஒரு தம்பி சின்னக் கடை வைத்திருந்தார். பந்து, விளையாட்டுச் சப்பாத்து, காலுறை விற்பார். பந்து கிழிந்தால் தைத்தும் கொடுப்பார். அவருடைய கடையில் கொடியும் இல்லை, பெரிய தொலைக்காட்சியும் இல்லை. ஆனால் ஜூலை முழுவதும் அவருக்கு வியாபாரம் குறையவில்லை. காரணம் கேட்டேன். "நாநா, ஒங்கட கடைக்கு வந்தவங்க பிரேசிலுக்கு வந்தவங்க. என்ட கடைக்கு வாறவங்க பந்துக்கு வாறவங்க" என்றார்.

அந்தப் பதிலின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது, அமெரிக்காவில் உதைபந்தாட்டம் வளர்ந்த கதையைப் படித்தபோதுதான். அந்தக் கதை வியாபாரிகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பாடம்.

ஏற்கெனவே நிரம்பிய சந்தை

உலகின் பல நாடுகளில் உதைபந்தாட்டமே முதல் விளையாட்டாக இருக்க, அமெரிக்காவில் அதற்கு இடம் இருக்கவில்லை. அமெரிக்கன் புட்போல், பேஸ்போல், கூடைப்பந்து ஆகிய மூன்றும் சந்தையைப் பிடித்து வைத்திருந்தன. புட்போல் என்ற பெயர்கூட அங்கே வேறொரு விளையாட்டுக்குப் போய்விட்டது. ஆகவே நமது உதைபந்தாட்டத்தை அவர்கள் சொக்கர் என்று அழைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சந்தையில் 1968 இல் வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. 1975 இல் நியூயோர்க் கொஸ்மோஸ் கழகம் பெலேயைக் கொண்டு வந்தது. பிறகு ஜெர்மனியின் பெக்கன்பவரும் வந்தார். கூட்டம் அலைமோதியது. 1977 ஆகஸ்டில் ஒரு போட்டியைப் பார்க்க 77,691 பேர் வந்தார்கள்.

இதைப் பார்த்த மற்ற முதலீட்டாளர்களும் ஓடி வந்தார்கள். 1978 இல் அணிகள் 24 ஆகின. ஒவ்வொரு கழகமும் கொஸ்மோஸைப் போல வெளிநாட்டு நட்சத்திரங்களைத் தேடியது. வருமானத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தது. அமெரிக்கன் புட்போலுக்காகக் கட்டப்பட்ட பிரமாண்டமான மைதானங்களை வாடகைக்கு எடுத்து, பெரும்பாலான ஆசனங்கள் காலியாக இருக்க ஆடியது. பெலே 1977 இல் ஓய்வு பெற்றார். கூட்டமும் மெல்லக் கலைந்தது. 1984 இல் எஞ்சியது 9 அணிகள்தான். அதோடு லீக் முடிந்தது.

என் ஜெர்சிக் கதையும் இதுதான். அளவுதான் சிறியது.

இரண்டாவது முறை கற்றுக்கொண்டது

1994 உலகக் கிண்ணத்தை நடத்தும் உரிமையை 1988 இல் அமெரிக்கா பெற்றது. அங்கே மீண்டும் ஒரு தொழில்முறை லீக் அமைய வேண்டும் என்று அப்போது பேசப்பட்டது. 1994 போட்டிகளைப் பார்க்க மைதானங்களுக்கு 35 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ஆனால் இம்முறை அவர்கள் கூட்டத்தைக் கண்டு மயங்கவில்லை. 1996 இல் 10 அணிகளோடு மட்டும் மேஜர் லீக் சொக்கர் தொடங்கியது.

அதன் ஏற்பாட்டை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். வீரர்களின் ஒப்பந்தம் தனித்தனிக் கழகங்களிடம் இல்லாமல் லீக்கிடமே இருந்தது. ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு ஓர் உச்ச வரம்பு வைத்தார்கள். ஒரு முதலாளி ஆசைப்பட்டு அகலக் கால் வைத்தால் மற்றவர்களும் விழுந்துவிடக்கூடாது என்பதே நோக்கம்.

அப்படியும் முதல் ஆண்டுகள் நட்டம்தான். 1998 இல் 12 ஆகியிருந்த அணிகளில், 2002 தொடக்கத்தில் புளோரிடாவின் இரண்டு அணிகளை மூடிவிட்டு மீண்டும் 10 ஆனார்கள். வெட்கப்படாமல் கடையைச் சிறிதாக்கினார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இன்னொன்று சொந்த இடம். 1999 இல் கொலம்பஸ் நகரில் உதைபந்தாட்டத்துக்கென்றே சுமார் 22,000 ஆசனங்களோடு ஒரு மைதானம் கட்டினார்கள். எழுபதாயிரம் பேர் அமரும் இடத்தில் பதினையாயிரம் பேர் இருந்தால் அது வெறிச்சோடிய கடை. இருபத்திரண்டாயிரத்தில் பதினையாயிரம் பேர் இருந்தால் அது நிறைந்த கடை. பிறகு மற்றக் கழகங்களும் இதே வழியில் போயின.

நட்சத்திரம் எப்போது வந்தது? டேவிட் பெக்காம் வந்தது 2007 இல், அதாவது 11 ஆண்டுகள் கழித்து. மெஸ்ஸி மயாமிக்கு வந்தது 2023 இல், 27 ஆண்டுகள் கழித்து. முதலில் அத்திவாரம், பிறகுதான் அலங்காரம். 2025 இல் அணிகள் 30 ஆகிவிட்டன.

அத்திவாரம் எங்கே இருந்தது?

அந்த முதல் லீக் அழிந்தபோதும் ஒன்று அழியவில்லை. சிறுவர்கள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். 1964 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தொடங்கிய ஒரு சிறுவர் உதைபந்தாட்ட அமைப்பு, அணியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட இடம் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்தது. 1972 இல் வந்த கல்விச் சட்டத்தால் பாடசாலை, பல்கலைக்கழக விளையாட்டில் பெண் பிள்ளைகளுக்கும் சம வாய்ப்புக் கிடைத்தது. 1999 இல் பெண்களுக்கான உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பார்க்க 90,185 பேர் கூடினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகித் தமது பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். அங்கே முதலிடம் இன்றும் அமெரிக்கன் புட்போலுக்குத்தான். ஆனால் முதலிடம் பிடிக்காமலேயே நன்றாக நடக்கும் கடைகள் நமது பஸாரிலும் உண்டு.

நமது நாட்டுக் கணக்கு

இப்போது நம் பக்கம் பார்ப்போம். 1996 மார்ச்சில் லாஹூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது எல்லோருக்கும் ஞாபகம். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1995 இல், கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை 1-0 என வென்றது எத்தனை பேருக்கு ஞாபகம்?

கிரிக்கெட்டுக்குப் பாடசாலைகளில் நூறு வருட அத்திவாரம் இருந்தது. வெற்றி வந்ததும் தொலைக்காட்சியும் அனுசரணையாளர்களும் அதன் மேல் கட்டினார்கள். உதைபந்தாட்டத்துக்கு இரசிகர் குறைவா? சிலாபம், புத்தளம், கற்பிட்டிக் கரைகளில் ஒரு பந்து இருந்தால் இருபது பிள்ளைகள் ஓடி வருவார்கள். குறை நிர்வாகத்தில். வெளியார் தலையீடு என்று கூறி 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. தரவரிசையில் நமது அணி 200க்கும் கீழே போயிருந்தது. அதே வருடம் நவம்பரில் கிரிக்கெட்டுக்கும் சர்வதேசத் தடை வந்தது உண்மை. ஆனால் பெரிய கடை ஓர் அடியைத் தாங்கும், சின்னக் கடைக்கு அது கஷ்டம். வாடிக்கையாளர் வாசலில் நிற்க, உள்ளே பங்காளிகள் சண்டை பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நமக்குரிய கேள்விகள்

சகோதரர்களே, இந்த வாரம் கணக்குப் புத்தகத்தை எடுத்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: என் விற்பனையில் எவ்வளவு சீசன் கூட்டத்தால் வருகிறது, எவ்வளவு வருடம் முழுவதும் வருபவர்களால் வருகிறது?

இரண்டு: என் கடையின் அளவு என் வியாபாரத்துக்கு ஏற்றதா? அல்லது அடுத்தவர் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெரிய வாடகை கட்டுகிறேனா?

மூன்று: இன்று பத்து ரூபா இலாபம் தரும் சிறு பிள்ளையை, பத்து வருடத்துக்குப் பிறகு வரப்போகும் வாடிக்கையாளராக நான் நடத்துகிறேனா?

அந்தத் தம்பியிடம் கற்றுக்கொண்டு நானும் பாடசாலைப் பிள்ளைகளுக்கான பந்தும் சப்பாத்தும் வைக்கத் தொடங்கினேன். 2022 கட்டார் உலகக் கிண்ணத்துக்கு நாற்பது ஜெர்சிகள் மட்டும், கையிலிருந்த காசுக்கு எடுத்தேன். ஆர்ஜென்டினா வென்றது. நாற்பதும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. "வாப்பா, இன்னும் நூறு வித்திருக்கலாமே" என்றான் மகன். விற்றிருக்கலாம்தான். ஆனால் அந்த மாதம் முழுவதும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.