கேஸ் போடும் முன் கசிவைத் தேடுங்கள்
தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஷா ஆலம் வட்டாரக் கார் உரிமையாளர்களுக்கு

மே நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் வரை நீடிக்கும். விடியற்காலையில் சில நாள் சுமத்ரா பக்கமிருந்து வந்து அடித்துவிட்டுப் போகும் மழையை விட்டால், சிலாங்கூருக்கு இது வறண்ட காலம். பிற்பகல் வெயில் 33, 34 பாகையைத் தொடும். தொடர்ந்து மூன்று நாள் 35 பாகைக்கு மேல் போனால் மெட் மலேசியா முதல் நிலை எச்சரிக்கை விடும். ஜூலைக்குப் பிறகு புகைமூட்டமும் சேரலாம். காரின் ஏர்கோனில் மற்ற மாதங்களில் அடங்கிக் கிடந்த கோளாறு வெளியே தலைகாட்டுவது இப்போதுதான். ஹைகோம், செக்‌ஷன் 15, 16 பக்கம் தொழிற்சாலை வாசலில் எட்டு மணி நேரம் வெயிலில் நின்ற காரை மாலை ஐந்து மணிக்குத் திறப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த வார இறுதியிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சமையலறை வெப்பமானி ஒன்று போதும். காரைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அழுத்தி, காற்றை நடு வேகத்தில் வைத்து, நடுவில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் வெப்பமானியைச் செருகுங்கள். 5 முதல் 10 பாகைக்குள் காட்டினால் கவலையில்லை. 15க்கு மேல் காட்டினால் பட்டறைக்குப் போகிற வேலை இருக்கிறது. இதையே நண்பகலில், கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

காருக்கு அடியிலும் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஏர்கோன் ஓடினால் தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். அது குளிர்ச்சியான கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து வடிவது. சொட்டவில்லை என்றால் ஒன்று ஏர்கோன் சரியாகக் குளிரவில்லை, அல்லது வடிகுழாய் அடைத்திருக்கிறது. அடைத்த குழாயின் தண்ணீர் முன்பக்க இடது இருக்கையின் காலடிக் கம்பளத்தில்தான் வந்து நிற்கும். கம்பளம் ஈரமாக இருந்தால் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. விட்டுவைத்தால் கம்பளத்துக்கு அடியில் ஓடும் மின்கம்பிகளும் அவற்றின் இணைப்புகளும் கெடும்.

இனி இந்த வட்டாரத்தின் தலையாய புகாருக்கு வருவோம்: ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது, பெடரல் நெடுஞ்சாலை ஜேமில் நின்றால் சுடுகாற்று வருகிறது. இதைக் கேட்டதும் பலர் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறைந்திருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்பக்க ஃபேனை. கேஸ் காருக்குள் வாங்கிய வெப்பத்தை வெளியே விடும் இடம் கண்டென்சர். அது ரேடியேட்டருக்கு முன்னால், வண்டியின் மூக்கிலேயே இருக்கிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கும். நின்றால் அந்த வேலையை ஃபேன் ஏற்க வேண்டும். ஃபேன் மோட்டார் தேய்ந்து மெதுவாகச் சுற்றினாலோ, ரிலே போய்விட்டாலோ, ஜேமில் வெப்பம் வெளியேற வழியில்லை. பானெட்டைத் திறந்து வைத்து ஏர்கோனைப் போடச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் ஃபேன் உறுதியாகச் சுற்றத் தொடங்க வேண்டும். தானாகவே சுழலத் தொடங்குவதால் கையை அருகே கொண்டு போகாதீர்கள்.

ஃபேன் நன்றாக இருந்தால் அடுத்து கண்டென்சரின் முகத்தைப் பாருங்கள். போர்ட் கிள்ளானுக்குப் போகும் கொள்கலன் லோரிகளின் பின்னால் தினமும் ஓடும் வண்டிகளில் அதன் மெல்லிய தகடுகள் தூசியாலும் பூச்சியாலும் மண்டிக் கிடக்கும். கார் கழுவும்போது மூக்குப் பக்கம் மென்மையாகத் தண்ணீர் பாய்ச்சினாலே பாதி சரியாகும். அழுத்தத் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கழுவும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜேமில் சுடுகாற்று வருவதோடு எஞ்சின் வெப்ப முள்ளும் ஏறினால் அது ஏர்கோன் விஷயம் மட்டுமல்ல, ரேடியேட்டரும் அதே ஃபேனை நம்பித்தான் இருக்கிறது. உடனே ஏர்கோனை நிறுத்திவிட்டு ஓரம் கட்டுங்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் ‘ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் குளிரும்’ என்று சொல்வார்கள். அந்த ஊர்களில் அது உண்மை. இங்கே விற்ற பல புரோட்டோன், பெரோடுவா கார்களில் ஹீட்டரே கிடையாது. வெப்ப விசையைத் திருப்பினால் குளிர் கூடும், குறையும், அவ்வளவுதான். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பற்றி நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். சாலையோரத்தில் அதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது கேஸ். வெயில் ஏறினால் பட்டறைகளில் ‘டாப்-அப்’ வியாபாரம் சூடு பிடிக்கும். பெட்ரோலைப் போல ஏர்கோன் கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய், வளையம் வழியாக ஆண்டுக்கணக்கில் சிறிது கசியும் என்பது உண்மை. எட்டு, பத்து ஆண்டு ஓடிய காரில் ஒரு முறை குறைந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் சென்ற ஹரிராயாவுக்குப் போட்டு, தீபாவளிக்குப் போட்டு, இப்போது மறுபடியும் கேட்கிறது என்றால், அங்கே ஓட்டை இருக்கிறது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கான எண்ணெயும் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கசிவில் எண்ணெயும் சேர்ந்து போகும். எண்ணெய் வற்றிய கம்ப்ரசர் தேய்ந்து இறுகும். கேஸ் மட்டும் போட்டுப் போட்டு ஓட்டியவர்தான் கடைசியில் கம்ப்ரசரே வாங்குகிறார்.

பட்டறையில் கேட்க வேண்டியது ஒன்றுதான். தமிழ் போர்மேன் என்றால், “அண்ணே, கேஸ் அப்புறம் போடலாம், லீக் எங்கேன்னு முதல்ல பாருங்க.” சீனர் பட்டறை என்றால், “போஸ், செக் லீக் டுலு.” நல்ல போர்மேன் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தேடுவார், சாயம் கலந்து புற ஊதாக்கதிர் விளக்கில் பார்ப்பார், அல்லது நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருப்பார். கசிவை அடைத்த பிறகு வேக்யூம் பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுக்க வேண்டும். ஈரம் தங்கினால் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். “அவ்வளவு நேரம் எதுக்கு” என்று சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

எவ்வளவு கேஸ் என்பதை பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டு கிராமில் சொல்லும். குழாயைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தால் போதும் என்று நிரப்புவது தவறு. கூடுதலாக ஏற்றினால் அழுத்தம் எகிறிக் குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் சுமை. எந்தக் கேஸ் என்பதும் அதே சீட்டில் இருக்கும்: பெரும்பாலான கார்களில் ஆர்134ஏ, புதிய மாடல்கள் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப். இரண்டையும் கலக்கக் கூடாது. சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த மலிவுக் கேஸை மாற்றாகத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எரியும் பொருளை டேஷ்போர்டுக்குள் அடைத்துக்கொண்டு ஓட்டுவது அது. பழைய கேஸை இயந்திரத்தில் சேமிக்காமல் காற்றில் திறந்துவிடுவதும் கூடாது. அதைத் தடுக்கச் சுற்றுச்சூழல் துறையிடம் விதிமுறைகள் உண்டு.

கம்ப்ரசர் இறுகிவிட்டது என்று சொன்னால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு வராதீர்கள். உடைந்த உலோகத் துகள் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். குழாயைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் டிரையரையும், துகள் அடைத்திருந்தால் கண்டென்சரையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஹாஃப்-கட் கடையில் வாங்கிய ரீகண்டிஷன் கம்ப்ரசர் சில மாதத்தில் முந்தையதன் வழியே போகும்.

காற்றே குறைவாக வருகிறது, ஆனால் வருகிற காற்று குளிராக இருக்கிறது என்றால் விஷயம் வேறு. பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர்தான். பெட்டியைக் கழற்றி நீங்களே இழுத்துப் பார்க்கலாம். கறுத்திருந்தால் மாற்றுங்கள், ஊதிச் சுத்தம் செய்து திரும்ப வைப்பது மிச்சம் பிடிக்கிற வேலையல்ல. பழைய உள்ளூர் கார்கள் பலவற்றில் ஃபில்டரே இல்லை, தூசி நேராகக் கூலிங் காயிலில் படியும். அப்படிப்பட்ட வண்டிக்குக் காயிலையே கழுவ வேண்டியிருக்கும். காற்றை உள்ளே ஊதும் புளோவர் நாலாம் எண்ணில் மட்டும் ஓடி மற்றவற்றில் நின்றால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது; மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஈப்போவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெல்ல அடங்கிப்போனால் காயிலில் பனி கட்டியிருக்கிறது. ஏசி பொத்தானை அணைத்துவிட்டு புளோவரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், உருகிவிடும். ஊர் திரும்பியதும் தெர்மோஸ்டாட்டைக் காட்டுங்கள்.

ஃபில்டரை இப்போதே மாற்றச் சொல்வதற்குப் புகைமூட்டமும் ஒரு காரணம். 2005 ஆகஸ்டில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி, பக்கத்தில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்த நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். 2019 செப்டம்பரில் பள்ளிகளை மூடினார்கள். குறியீடு 100ஐத் தாண்டும் நாளில் உள்சுழற்சியிலேயே ஓட்டுங்கள். நாலு பேர் உட்கார்ந்த காரில் நீண்ட தூரம் அப்படியே போனால் தலை கனத்துத் தூக்கம் வரும். ஆகவே அவ்வப்போது ஒரு நிமிடம் வெளிக்காற்றைத் திறந்து மூடுங்கள். வெளிக்காற்று இன்னொரு நேரத்திலும் கைகொடுக்கும்: கெந்திங் மலை ஏறும்போது கண்ணாடி மங்கினால் எந்தப் பக்கம் என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். உள்பக்கமென்றால் ஏர்கோனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வெளிக்காற்றைத் திறங்கள். வெளிப்பக்கமென்றால் கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டது. குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

நாற்றத்துக்கு வாசனை டப்பா மருந்தல்ல. புளித்த வாடை ஈரக் காயிலில் வளரும் பூஞ்சையிலிருந்து வருகிறது. வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்துப் புளோவரை ஓடவிட்டால் காயில் காயும். சேற்று வாடை வந்தால், அதிலும் பழைய கார் வாங்கப் போன இடத்தில் வந்தால், எச்சரிக்கையாக இருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் முங்கிய கார்கள் ஏராளம். புளோவரைக் கழற்றிப் பார்த்தால் அதன் கூட்டில் சேறு காட்டிக்கொடுக்கும்.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கதவுகளைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஏர்கோன் போடுங்கள். சின்ன எஞ்சினுக்குப் பெரிய உதவி. வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதாக இருந்தால் 2019 மே முதல் பின்பக்கத்துக்கு வரம்பில்லை, முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன்பக்கக் கதவுகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும். பிள்ளையை ‘ஏர்கோன் ஓடுதே’ என்று காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். எஞ்சின் நின்ற சில நிமிடங்களில் உள்ளே வெப்பம் பத்துப் பாகை ஏறும். மூடிய காரில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். புகைக்குழாய் கசிந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாடை கிடையாது.

பட்டறையிலிருந்து புறப்படும்போது சீட்டில் மூன்றை எழுதி வாங்குங்கள்: கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் கேஸ் ஏற்றினார்கள், துவாரத்தில் எத்தனை பாகை காட்டியது. அடுத்த முறை குளிர் குறைந்தால் போர்மேன் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.