பழுதும் முறையீடும்

நுழையும்முன்

பணம் கொடுத்து வாங்கிய பொருள் பழுதானால் முதலில் சினம் கொள்கிறோம். பிறகு அண்டை வீட்டாரிடம் சொல்லிப் புலம்புகிறோம். இரண்டும் உற்பத்தியாளரின் செவியை எட்டுவதில்லை. எட்டக்கூடிய முறையீடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகளுக்கிடையே நாள்முழுதும் உழைப்பவர். மாதத் தவணையில் சலவை இயந்திரம் ஒன்றை வாங்குகிறார். நான்கு மாதங்கள் கழித்து ஒருநாள், அழுக்குநீர் வடியாமல் உள்ளேயே தேங்க, இயந்திரம் நின்றுவிடுகிறது. தவணை நிற்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகள் விடியுமுன் எழுந்து துணிகளைத் துவைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். விற்ற கடைக்காரர், “கம்பெனிக்குச் சொல்லுங்கள்” என்கிறார். நிறுவனத்திலிருந்து வந்த பணியாளரோ, “உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, இதற்கு வாரண்டி கிடையாது” என்று கூறிச் சென்றுவிடுகிறார்.

அவர் கூற்றை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அப்படியே ஏற்கவும் வேண்டியதில்லை. செஞ்சி, பாறைக் குன்றுகள் சூழ்ந்த நிலம். பாறைப் பிளவுகளில் தேங்கி ஆழ்துளைக் கிணற்றின்வழி மேலேறும் நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கக்கூடும். அத்தகைய கடினநீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளில் வெண்ணிறப் படிவு ஏறும். ஆனால், நீரை வெளியேற்றும் பம்பு இயங்காமைக்கு உப்பே காரணம் என்று பார்த்த அளவில் சொல்லிவிட முடியாது. வடிகட்டியில் சட்டைப் பொத்தான் சிக்கியிருக்கலாம். மின்கம்பி இணைப்பு விட்டிருக்கலாம். பம்பே குறையுடையதாக வந்திருக்கலாம். இவற்றுள் முதலாவது நாமே நீக்கத்தக்கது. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, கையேட்டில் கூறியவாறு வடிகட்டியைத் தூய்மை செய்து பார்க்க வேண்டும். அதற்குமேல் இயந்திரத்தைப் பிரித்தல் கூடாது; உத்தரவாதத்தை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

உத்தரவாத அட்டையை வாங்கிய அன்றே படிப்பவர் மிகச் சிலர். ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே உரியது. இயந்திரம் முழுமைக்குமான காலம் பல நிறுவனங்களில் இரண்டு ஆண்டுகளே. பெரிய எழுத்து விற்பதற்கு. சிறிய எழுத்து மறுப்பதற்கு!

இனி முறையீட்டின் மொழிக்கு வருவோம். ‘உங்கள் மெஷின் சுத்த மோசம்; எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று எழுதினால் அதற்கு மறுமொழி கூற எவரும் கடமைப்பட்டவரல்லர். அதில் நாளில்லை, நிகழ்ச்சியில்லை, கோரிக்கையில்லை. கீழ்வரும் பகுதியை அதனோடு ஒப்பிட்டுக் காண்க:

“பிப்ரவரி 4ஆம் நாள் வாங்கிய சலவை இயந்திரம், ஜூன் 9 முதல் நீரை வெளியேற்றாமல் நின்றுவிடுகிறது. வடிகட்டியைத் தூய்மை செய்த பின்னும் நிலை மாறவில்லை. ஜூன் 14 அன்று வந்த தங்கள் பணியாளர், நீரின் உப்புத்தன்மையே காரணம் என வாய்மொழியாகக் கூறினார், நீரைச் சோதிக்கவில்லை, எழுத்தில் எதுவும் தரவில்லை. உத்தரவாதம் எந்த விதியின்கீழ் மறுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும், இல்லையெனில் பதினைந்து நாள்களுக்குள் கட்டணமின்றிப் பழுதுநீக்கித் தருமாறும் வேண்டுகிறேன்.”

இதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ‘பம்பு கெட்டுவிட்டது’ என்ற முடிவும் இல்லை. கண்ணால் கண்டது மட்டுமே உள்ளது. காரணத்தைக் கண்டறிவது நிறுவனத்தின் வேலை. ரசீதின் நகல், இயந்திரத்தின் வரிசை எண், முன்னர்த் தொலைபேசியில் பெற்ற புகார் எண் ஆகியவற்றை இணைத்து விரைவு அஞ்சலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், பின்னாளில் அதுவே சான்றாகும்.

மறுமொழி வராவிடில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அதற்கும் பயனில்லையெனில் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலில் 1986ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாளே தேசிய நுகர்வோர் நாள். அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்தையோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தையோ நாடிச் செல்லவேண்டியிருந்த நிலையை அது மாற்றியது. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், செஞ்சியில் வசிப்பவர் விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீடு அளிக்கப்பட வேண்டும். மூன்று மாதங்களில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில், தீர்வு காண முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் காலம் நீள்வதுண்டு. குறை மெய்ப்பிக்கப்பட்டால் பழுதை நீக்கவோ, புதிய பொருள் வழங்கவோ, விலையைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். இழப்பீடும் வழங்கச் செய்யலாம். ‘உப்புத் தண்ணீர்’ என்ற வாய்மொழி மறுப்பு அங்கே சோதனைக்கு உள்ளாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலுள்ள மின்பொருள் ஒன்றின் உத்தரவாத அட்டையைப் படித்து, எவ்வெவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று அதில் கூறப்பட்டுள்ளதை எளிய தமிழில் எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டுக.